மேசைக்கு வைத்த வெளிக் கடதாசி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பு எங்கே, கால் எங்கே என்று இன்னும் தடுமாறுவேன். எந்த இடத்தில் எந்த ல, எந்த ள என்பது அதைவிட மோசம். நடந்ததையும் முன்னுக்குப் பின்னாக மாற்றிச் சொல்வேன், பாதி மறந்துவிடுவேன். மன்னிச்சிருங்க. மருமகள்தான், "நீங்க சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க அத்தை, எழுதி வைங்க" என்று ஒரு கொப்பி வாங்கித் தந்தாள். ஆட்கள் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். கொப்பி என் முகத்தைப் பார்க்காது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். வரிசை வீடான லயத்தில் கடைசி வீடு. நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தூள் சலித்துப் பென்ஷன் ஆனவள். வீட்டுக்காரர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். மகன் கொழும்பில் வேலை. மருமகள் எங்களோடு இருந்து முன் திண்ணை இஸ்தோப்பில் மெஷின் போட்டுத் தைக்கிறாள்.

நல்லாத் தைப்பாள். ஆனால் துணி வெட்டுவதெல்லாம் தரையில் பாய் விரித்துத்தான். முட்டி போட்டுப் போட்டு எழுந்திருக்கும்போது, இந்த வயதில் நான் எழுந்திருப்பதைவிட மெதுவாக எழுந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் தெமோதரையில் இருக்கிற ஒரு பாஸிடம் மேசை ஒன்று செய்யச் சொன்னார். பாஸ் என்றால் தச்சு வேலை செய்கிறவர். சிங்களக்காரர், நல்ல மனுசர். சவுக்குப் பலகையில் நீளமாக, கை வைத்தால் ஆடாத மேசையாகச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவுக்கு மேலே கட்டிக்கொண்டுவந்து இறக்கினார். பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமர் ஒரு டின்னும் பெயின்ட் ஒரு டின்னும் கூட வைத்தார். லாச்சி, அதாவது இழுப்பறை, மட்டும் இன்னும் முடியவில்லை, பிறகு கொண்டுவந்து பூட்டுகிறேன், அப்படியே வந்து பெயின்டும் அடித்துத் தருகிறேன் என்றார். இதெல்லாம் மருமகள் எனக்குத் தமிழில் சொன்னது. அவளுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. எனக்குத் தெரிந்த சிங்களம் ஹரி என்கிற ஒரே சொல். சரி என்று அர்த்தம். எதற்கும் அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே மேல் கணக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். மேல் கணக்கு என்பது எங்கள் தோட்டத்தின் மேல் பகுதி. அந்த அம்மாவுடைய மகளுக்குக் கல்யாணம். கூறைப்பட்டில் ரவிக்கைத் துண்டு வெட்டித் தைக்க வேண்டும், சேலைக்கு ஓரமும் அடிக்க வேண்டும். மருமகளுக்கு வந்த முதல் கல்யாண வேலை அது. மேல் கணக்கில் அந்த வருடம் இன்னும் மூன்று கல்யாணம் இருந்தது. இந்த ஒன்று சரியாக அமைந்தால் அந்த மூன்றும் தானாக இறங்கி வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். உள்ளே வந்ததுமே கேட்டார்.

"எங்க வச்சு வெட்டுவ? தரையிலயா? கூறைப்பட்டைத் தரையில போட விடமாட்டேன். கால் படுற எடம்."

"தரையில இல்லங்கம்மா. இந்தா, புது மேசை வந்திருக்கு" என்று மருமகள் பெருமையாகக் காட்டினாள். காட்டியதோடு நிற்காமல், பக்கத்தில் கிடந்த சாட்டின் துணியை எடுத்து அதன் மேல் விசிறி விரித்தாள். சர்ர்ரென்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு நூல் இழுத்துக்கொண்டு, துணி சுருக்குப் பை வாய் மாதிரி சுருங்கிவிட்டது. சவுக்கு மரம் அப்படித்தான். எவ்வளவு சீவினாலும் கண்ணுக்குத் தெரியாத சிலும்பு நிற்கும்.

அந்த அம்மா துணியையும் பார்த்தார், மேசையையும் பார்த்தார்.

"நல்ல மேசைதான். தேங்கா துருவலாம்."

மருமகள் முகம் சின்னதாகிப் போனது. "பெயின்ட் அடிச்சா வழுவழுன்னு ஆயிரும்மா" என்றாள்.

"ஆகட்டும். வார வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி நான் பட்டோட வர்றேன். கையால தடவிப் பாப்பேன். சிலும்பு இருந்துச்சுன்னா கோவிச்சுக்காத, பட்டைப் பதுளை டவுன் டெய்லருக்குக் கொண்டுபோயிருவேன்."

அவர் போன பிறகு, மேசை மேல் பெட்சீட்டை விரித்தால் என்ன என்று நான் கேட்டேன். பட்டும் நழுவும், பெட்சீட்டும் நழுவும், கத்தரி ரெண்டையும் சேர்த்துக் கடிக்கும் என்றாள். ஆக, மேசை வழுவழுப்பாக வேண்டும். அதற்கு எங்களுக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

மறுநாள் காலையில் மருமகள் நூல் வாங்கப் பதுளைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் பீலியில் குளிக்கப் போயிருந்தார். அவருடைய போன் ஜன்னலில் கிடந்து கத்தியது. கத்தி முடியட்டும் என்று விட்டேன். மறுபடி கத்தியது. மூன்றாம் தரம் எடுத்துவிட்டேன்.

பாஸ்தான். பின்னால் சுத்தியல் சத்தம். எல்ல என்கிற ஊர்ப் பேர், கெஸ்ட் ஹவுஸ் என்று என்னவோ சொன்னார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற வீட்டில் அவசர வேலை, அதனால் வர முடியாது, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் என்று அந்த அளவுக்குப் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வசனம் சொன்னார். அதை இப்போது பாடமாகச் சொல்வேன்.

"ப்ரைமர் வேலுனாம, வெலி கடதாசி தாலா மதின்ன. ஹரித?"

"ஹரி" என்றேன்.

அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். திருப்பி ஒருதரம் மெதுவாகச் சொன்னார். நானும் திருப்பி ஒருதரம் மெதுவாக ஹரி சொன்னேன். அவர் சந்தோசமாக வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"என்னாங்க, பாஸ் போன் பண்ணாரு."

"என்னவாம்?"

"வர முடியாதாம். நம்மளே அடிக்கணுமாம். மொதல்ல பிரைமர்."

"சரி. பொறகு?"

"வேலு."

"எந்த வேலு? தோட்டத்துல ஒம்பது வேலு இருக்கானுக."

"அது சொல்லல. வேலு வந்த பொறகு வெளியில கடதாசி போடணுமாம்."

"எதுக்கு?"

"மதினின்னாரு" என்று இழுத்தேன்.

"யாரோட மதினி?"

"வேலுவோட மதினியா இருக்கும்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "ஆக, வேலு வந்ததும், அவன் மதினிக்கு ஸ்பிரிங்வெளியில இருந்து ஒரு கடதாசி எழுதிப் போடணும். அப்பத்தான் நம்ம மேசை வழுவழுன்னு ஆகும்?"

"எனக்கென்ன தெரியும்? அவர் சொன்னத நான் சொல்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கு யோசனை வந்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "வேலுவையும் மதினியையும் வுட்டுத்தள்ளு. அது ஒன் காதுக் கோளாறு. வெளியில கடதாசி, அதுதான் வெசயம். உள்ளுக்குள்ள அடிச்சா நாத்தம் நிக்கும். வெளியில வச்சு அடிச்சு, பூச்சி தூசி விழாம கடதாசியால மூடணும். இதைத்தான் சொல்லியிருப்பாரு."

கேட்க நியாயமாக இருந்தது. மருமகள் வந்ததும் பாஸிடம் ஒருதரம் கேட்டுவிடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டால் நான் ஒன்றும் விளங்காமலே ஹரி சொன்னது வெளியே வரும்.

இரண்டு பேருமாக மேசையை முற்றத்துக்குத் தூக்கினோம். அவர் பிரைமர் அடித்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கை, தாராளமாக அடித்தார். ஈரம் மின்ன மின்ன, பழைய பேப்பரைக் கொண்டுவந்து மேசை நெடுகக் கூடாரம் மாதிரி நிறுத்தி, ஓரத்தில் கல் வைத்தார். "பாத்தியா, ஒரு பூச்சி உள்ள போகாது" என்றார்.

பூச்சி போகவில்லை. பதினொரு மணிக்குக் காற்று வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடாரம் அத்தனையும் படுத்துவிட்டது. நாங்கள் சோறு ஆக்கிச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, மேசைக்கு யாரோ பேப்பரிலேயே சட்டை தைத்துப் போட்ட மாதிரி இருந்தது. உரித்தால் பாதி வந்தது, பாதி வர மாட்டேன் என்றது. வந்த இடத்தில் எழுத்து ஒட்டிக்கொண்டது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பி.

சரியாக அந்த நேரத்தில் மருமகள் பஸ் இறங்கி வந்தாள். பையை அப்படியே கீழே வைத்தாள்.

"மாமா, என்ன இது? மேசையா, பேப்பரா?"

"கோவப்படாத ஆத்தா. இந்தா பாரு" என்று அவர் ஒரு மூலையைக் குனிந்து பார்த்துத் திருப்பி வாசித்தார். "காரிய சித்தின்னு போட்டிருக்கு. ராசி பலன் பக்கம்தான் ஒட்டியிருக்கு. நல்ல சகுனம்."

"யார் ஒங்களுக்குக் கடதாசி போட்டு மூடச் சொன்னது?"

"பாஸ்தான். போன்ல சொன்னாரே, வெளியில வச்சுக் கடதாசி போடுங்கன்னு."

"பாஸா? அவருக்கென்ன பைத்தியமா? வரட்டும், நல்லா கேக்குறேன்."

நான் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஊதினேன். அவள் பாஸுக்குப் போன் போடுவது கேட்டது. அவர் எடுக்கவில்லை. சுத்தியல் சத்தத்தில் கேட்டிருக்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நல்ல மனுசன் மேல் பழி விழுந்துகொண்டிருக்கும்போது நான் நிம்மதியாக இருந்தேன், பாருங்கள்.

வீட்டுக்காரருக்குக் கையில் ஒரு வழி எப்போதும் இருக்கும். "மேல தடிப்பா இன்னொரு அடி அடிச்சா எல்லாம் மூடிரும்" என்றார். எழுத்து மூடும். மேடு பள்ளம் மூடுமா? கையை வைத்துப் பார்த்தேன். முன்னைவிட மோசம். பிரைமர் பட்டு ஊறியதில் மரத்துச் சிலும்பெல்லாம் குளிரில் கை மயிர் நிற்கிற மாதிரி எழுந்து நின்றது. அதோடு பேப்பர்த் துண்டு வேறு.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, நானே சொன்னேன், "நான் பதுளைக்குப் போயிட்டு வர்றேன். பிரைமர் பத்தாது, வாங்கணும்." இரண்டு பேரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். நான் தனியாகக் கோயிலுக்குப் போவேன், ஆஸ்பத்திரிக்குப் போவேன். கடைக்குப் போனால் பின்னால் நிற்கிற ஆள். அவருக்கு முழங்கால் வலி, மருமகளுக்கு ஒரு சட்டை முடிக்க வேண்டியிருந்தது. போகச் சொன்னார்கள். உண்மையில் எனக்குப் பிரைமர் முக்கியமில்லை. பாஸ் என்ன சொன்னார் என்பதை எப்படியாவது கண்டுபிடித்துவிட்டு, அவர் போனை எடுக்கிறதுக்கு முந்தி மேசையைச் சரி செய்துவிட வேண்டும் என்று இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு இரும்புக் கடை. தமிழ் ஆட்கள் கடை, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். உள்ளே முழுக்க ஆம்பிளைகள். ஒருத்தர் குழாய் கேட்கிறார், ஒருத்தர் ஆணி கேட்கிறார். நான் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மாதிரி நின்றேன். முதலாளி என்னை இரண்டு தரம் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றார். நான் இரண்டு தரமும் மற்றவர்களைக் கை காட்டினேன்.

அப்போது ஒரு சிங்களக்காரர் வந்தார். கதவுக்கு அடிக்க என்று அவரும் பிரைமர்தான் வாங்கினார். முதலாளி டின்னை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார் பாருங்கள்:

"வேலுனாம, வெலி கடதாசி தாலா மதின்ன."

அதே வசனம்! அதே வேலு, அதே மதினி! சொல்லிக்கொண்டே முதலாளி பின்பக்கம் கையை விட்டு, சொரசொரவென்று செம்மண் நிறத்தில் நாலு தாள் எடுத்து மேசையில் போட்டார். அந்த ஆள் வாங்கிக்கொண்டு போனார்.

நான் வாளியை விட்டு வெளியே வந்தேன். கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஐயா, இப்ப அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"எதைம்மா?"

"வேலு... வெளி கடதாசின்னு ஒண்ணு சொன்னீங்களே."

"ஓ, அதுவா. பிரைமர் நல்லா காஞ்ச பொறகு மண்தாள் போட்டுத் தேய்ங்கன்னு சொன்னேன்."

"வேலுன்னீங்களே?"

"வேலுனாமன்னா காஞ்ச பொறகு."

"மதினி?"

"மதின்னன்னா தேய்ங்க." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "வெலின்னா மண்ணும்மா. வெளி இல்ல. மணல் ஒட்டின கடதாசி."

மண்! வாசலில் மண் கொட்டுகிற லொறிக்காரன் வெலி, வெலி என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேனே. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்துகொண்டு, ஒரு ல-வையும் ள-வையும் மாற்றிக் கேட்டதில் காயவும் விடவில்லை, தேய்க்கவும் இல்லை. தேய்க்க வேண்டிய தாளை விட்டுவிட்டு, வாசிக்கிற தாளை ஒட்டி வைத்திருக்கிறோம்.

"அதுதான் எனக்கும் வேணும்" என்றேன்.

"எத்தனையாம் நம்பர்?"

மறுபடி கூச்சம் வந்துவிட்டது. நான் வாளிப் பக்கம் பின்வாங்கியதைப் பார்த்து அவர் கட்டுகளையே எடுத்து முன்னால் வைத்தார். ஒவ்வொரு தாளின் முதுகிலும் ஒரு நம்பர். அறுபது, நூறு, நூற்றி இருபது என்று. பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தவர் உதவிக்கு வந்தார். "வழுவழுப்பா வேணும்னா சின்ன நம்பரா எடுங்க ஆச்சி. பெரிய நம்பர்னா பெரிய மண்ணு, கீறிப்போடும்."

நான் விரலால் தடவினேன். அறுபது நகத்தைப் பிடித்தது. இருநூற்றி இருபது மாவு மாதிரி இருந்தது. அந்த நிமிசம் எனக்கு விளங்கிவிட்டது. இது சல்லடைக் கணக்கு. ஸ்டோரில் சல்லடைக்கு நம்பர் உண்டு. பத்தாம் நம்பர் என்றால் பெரிய கண், இலை இலையாகத் தெரிகிற தூள் விழும். இருபத்தி நாலு என்றால் சின்னக் கண், பொடித்தூள்தான் விழும். ஒரு அங்குலத்தில் எத்தனை கண்ணோ அதுதான் நம்பர். நம்பர் கூடக்கூடப் பொடி. இந்த மண்ணையும் யாரோ ஒருத்தி எங்கேயோ சலித்துத்தானே ஒட்டியிருப்பாள்!

"இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நம்பர் கூடுனா மண்ணு பொடியாகும். பேப்பர்த் துண்டை எடுக்க இந்த நூத்தி இருபதுல ஒண்ணு. பொறகு தேய்க்க இருநூத்தி இருபதுல மூணு."

ஆணிக்காரர் தானும் தடவிப் பார்த்தார். முதலாளி, "ஆச்சி பெயின்ட் வேலை செய்றவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. தூள் சலிச்சவ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் பிரைமர் வாங்காதது ஞாபகம் வந்தது. திரும்பப் போய் வாங்கினேன்.

வீட்டில், "கடைக்காரர் சொன்னாரு, இதால தேய்க்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் தேய்க்க உட்கார்ந்தேன். மேல்பக்கம் காய்ந்திருந்தது. நடுவில், தடிப்பாக அடித்த இடத்தில், இன்னும் காயவில்லை. அங்கே தேய்த்தால் கோந்து மாதிரி உருண்டு தாளில் அப்பியது. காய்ந்த இடத்தில் வெள்ளை மாவாக உதிர்ந்தது. மாவு வந்தால் காய்ந்தது, உருண்டை வந்தால் இன்னும் வேலு வரவில்லை என்று எனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நடுவை விட்டுவிட்டு மத்தியானம் வெயில் பட்ட பிறகு தொட்டேன்.

தாளைச் சும்மா கையில் பிடித்தால் விரல் படுகிற இடம் பள்ளமாகும். ஒரு சின்னப் பலகைத் துண்டில் சுற்றிக்கொண்டேன். மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே போக வேண்டும். குறுக்கே போனால் கோடு விழும், அந்தக் கோட்டைப் பெயின்ட் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். முதலில் ஆத்திரத்தில் அழுத்திவிட்டேன். ஒரு மூலையில் பிரைமர் முழுக்கப் போய் மரம் தெரிந்தது. அங்கே தொட்டு அடித்துக் காயவிட்டேன். பிறகு சல்லடையைப் பிடிக்கிற மாதிரி கை லேசாக, தாளின் பாரத்திலேயே தேய விட்டேன். ராசி பலன் எழுத்தெல்லாம் கரைந்து போனது. காரிய சித்தி கடைசியில்தான் போனது.

வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று பார்த்தார். "அடிச்ச பிரைமரை எல்லாம் சொரண்டி எடுக்குறியே. அப்ப எதுக்கு அடிச்சோம்?"

"கை வச்சுப் பாருங்க."

தேய்த்த பக்கத்தில் ஒரு கை, தேய்க்காத பக்கத்தில் ஒரு கை வைத்தார். பிறகு இன்னொரு பலகைத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தலை, புருவமெல்லாம், அவர் மீசையும் சேர்த்து, வெள்ளையாகி இருந்தோம். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து, "அத்தை, மாமா, ரெண்டு பேரும் பவுடர் போட்டு எங்க பொறப்பட்டாச்சு?" என்றாள்.

"பதுளைக்குப் படம் பாக்க" என்றார் அவர்.

ஈரத்துணியால் மாவைத் துடைத்து, காயவிட்டு, இரண்டாம் பிரைமர் மெல்லிசாக அடித்தோம். சனிக்கிழமை மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது. கையை நம்பாமல், கிழிந்த நைலக்ஸ் சேலை ஒன்றைச் சுருட்டி மேசை மேல் இழுத்துப் பார்த்தேன். பிடித்த இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தை மட்டும் திருப்பித் தேய்த்தேன். பிறகு இளநீலப் பெயின்ட், அன்றைக்கு ஒன்று, திங்கட்கிழமை ஒன்று. அதற்குப் பிறகு யாரையும் கிட்டே விடவில்லை. கோழியைக்கூட.

வெள்ளிக்கிழமை வந்தது. மேல் கணக்கு அம்மா பட்டை மஞ்சள் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் உள்ளங்கையால் மேசையைத் தடவினார். புறங்கையால் தடவினார். குனிந்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தார். மருமகள் மூச்சு விடவில்லை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால், அடுப்படியில், நின்று பார்த்தேன்.

அந்த அம்மா பட்டை எடுத்து ஒரு முனையை மேசையில் வைத்து, மெல்ல இழுத்தார். அது சத்தமே இல்லாமல் போய், மறுபக்கம் வழுக்கி விழப் பார்த்தது. மருமகள் பாய்ந்து பிடித்தாள்.

"இனிமே இதுல தேங்கா துருவ முடியாது" என்றார் அந்த அம்மா. பிறகு முழுப் பட்டையும் விரித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ சத்தம். பாஸ்! லாச்சியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே வந்தவர், மேசையைப் பார்த்து நின்று, தடவி, "ஷா!" என்றார். மருமகள் சந்தோசத்தில் இருந்தாலும் மறக்கவில்லை. இடுப்பில் கை வைத்துச் சிங்களத்தில் பிடித்துக்கொண்டாள். ஏன் வெளியில் பேப்பர் போட்டு மூடச் சொன்னீங்க, மேசையே கெட்டுப்போகப் பார்த்தது என்கிறாள் என்று சொல் தெரியாமலே எனக்கு விளங்கியது. அந்த மனுசன் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. தன் நெஞ்சைத் தொட்டு, மமத, மமத என்றார். நானா, நானா என்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் செய்யாத தப்புக்கு, அந்த அம்மா முன்னால், என் வீட்டில் நின்று திட்டு வாங்குகிறார். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அவர் சொல்லல. நாந்தான்" என்றேன். பிறகு பாஸைப் பார்த்து, மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை அப்படியே சொன்னேன்: "ப்ரைமர் வேலுனாம, வெலி கடதாசி தாலா மதின்ன. ஹரித?"

பாஸ் ஒரு நிமிசம் திகைத்துப் போய், "ஹரி!" என்று கத்தினார்.

"இதைத்தான் அவர் சொன்னாரு. எனக்கு வேலுன்னும் மதினின்னும் கேட்டுச்சு. விளங்காமலே ஹரி ஹரின்னுட்டேன்."

மருமகள் அதைச் சிங்களத்தில் அவருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். வேலு என்கிற இடம் வந்ததும் அவளால் மேலே சொல்ல முடியவில்லை. சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். பாஸ் லாச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்காரர் மட்டும் விறைப்பாக நின்றார்.

"ஒம்பது வேலுல எந்த வேலுன்னு பதினோரு நாளா நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன். நீ கடையிலயே கண்டுபிடிச்சிட்டு வாயத் தொறக்கல?"

"நீங்க கேக்கலயே."

மேல் கணக்கு அம்மா பட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். "ஏ புள்ள, அந்த மத்த மூணு கல்யாண வீட்டுக்கும் நானே சொல்றேன். மேசையையும் சொல்வேன், வேலுவையும் சொல்வேன்."

சொன்னார். மூன்றும் வந்தன. வருகிறவர்கள் முதலில் மேசையைத் தடவுவார்கள், பிறகு என்னைத் தேடுவார்கள், வேலு வந்துட்டாரா என்று கேட்பதற்கு. இப்போது நான் கதவுக்குப் பின்னால் போவதில்லை. "காஞ்சுக்கிட்டு இருக்காரு" என்பேன்.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். மருமகள் தைத்து முடித்த பிறகு இந்தக் கொப்பியை ஒருதரம் பார்க்க வேண்டும். தாள் இருநூற்றி இருபதா, இருநூற்றி நாற்பதா என்று சந்தேகமாக இருக்கிறது. மீதித் துண்டு லாச்சியில் கிடக்கிறது, முதுகைப் பார்த்தால் தெரியும். பாஸ் சொன்ன வசனத்தையும் அவள் அவரிடமே ஒருதரம் வாசித்துக் காட்டட்டும். வெலிக்கு நான் எந்த லி போட்டிருக்கிறேன் என்று மட்டும் கட்டாயம் பார்க்கட்டும். தப்பாக இருந்தால் பென்சிலால் திருத்திவிடட்டும்.